மழை அளக்கும் பெட்டிக்கு ஆக்கவுரிமை கிடைக்குமா?

இரண்டு கிழமைக்கு முன்னர் கடையை அடைக்கும் நேரத்தில், பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் சீனிச் சாக்கில் சுற்றிய பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். கைத்தொலைபேசி திருத்துவது அவருக்குத் தொழில். ஈயம், வயர், பற்றரி என்று என்னிடம் கடனுக்கு வாங்கி மாத முடிவில் ஒழுங்காகத் தீர்ப்பவர். சாக்கை அவிழ்த்துப் பெட்டியை மேசையில் வைத்தவர், "நானா, இதுக்குப் பேட்டன்ட் எடுக்க ஏலுமா?" என்று கேட்டார்.

மேலே ஒரு தகரப் புனல். அதன் கீழே சீசோ போல் இருபக்கமும் சாயும் சிறு கிண்ணம். மழைநீர் நிறைந்து கிண்ணம் ஒரு தடவை சாய்ந்தால் ஒரு காந்தச் சுவிட்ச் தட்டுப்படும். எத்தனை தட்டு என்று எண்ணினால் எத்தனை மில்லிமீற்றர் மழை என்பது தெரியும். எண்ணுவதற்கு ஒரு சிறிய சிப், அனுப்புவதற்கு சிம் போடும் ஒரு தகடு, கையகல சூரிய மின்தகடு, ஒரு பற்றரி. அவ்வளவுதான்.

இந்தப் பெட்டி ஏன் அவர் மனதில் வந்தது என்று வலப்பனைக்காரர் எவரும் கேட்க மாட்டார்கள். 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மலை இறங்கி வந்ததைக் கண்டவர்கள் நாங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது, வீதியும் தொலைபேசியும் அறுந்து, அடுத்த தோட்டத்தில் யார் உயிரோடு இருக்கிறார் என்று தெரியாமல் இருந்தோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இரு, 100 ஆனால் எழும்பத் தயாராகு, 150 ஆனால் வெளியேறு. ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேறத்தான் வேண்டும். ஆனால் மழைமானி எண்ணினால் மட்டும் போதாது, எண்ணியதைச் சொல்லவும் வேண்டும். லயத்துக்கு மேலே உள்ள சரிவில் சிக்னல் ஒரு கோடு வரும், மறு நிமிடம் போகும். தம்பியின் தலையிடியெல்லாம் அங்கேதான்.

இனி அவர் கேட்ட கேள்விக்கு வருவோம். அதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. படித்தவற்றையும் கேட்டறிந்தவற்றையும் இந்தப் பக்கத்தில் எழுதுவது, இப்படிப்பட்ட பெட்டியோடு வேறு ஊர்களிலும் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதற்காகத்தான்.

சட்டம் கேட்பது என்ன?

நம்மவர்கள் பலருக்கு வியாபாரப் பெயர்ப் பதிவும், வர்த்தகக் குறியும், பேட்டன்ட்டும் ஒன்றேதான். கடைப் பெயரைப் பதிந்துவிட்டு "பேட்டன்ட் எடுத்தாச்சு" என்று சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். வியாபாரப் பெயர் கடைக்கு, வர்த்தகக் குறி சரக்கின் முத்திரைக்கு. பேட்டன்ட் அல்லது ஆக்கவுரிமை என்பது ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையைத் தீர்க்கும் வழிக்கு. நம் நாட்டில் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். விண்ணப்பம் பெறுவது கொழும்பு 10இல் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். உரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுக்கு அது உயிரோடிருக்கும், வருடாந்தக் கட்டணம் கட்டி வந்தால் மட்டும். 1979இன் பழைய சட்டத்தில் இது 15 ஆண்டு.

சட்டம் பார்ப்பது மூன்று விடயம். அது புதியதாக இருக்க வேண்டும். அந்தத் துறையில் கைதேர்ந்த ஒருவருக்கு "இது யாருக்கும் தோன்றுமே" என்று படாததாக இருக்க வேண்டும். கைத்தொழிலில் செய்து பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். கணித முறைகள், வியாபாரம் செய்யும் திட்டங்கள், மனக்கணக்குகள், விளையாட்டு விதிகள் என்பவற்றைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு முதலிலேயே வெளியே தள்ளிவிடுகிறது. பயனுள்ளதா, ஏழைக்கு உதவுமா, உயிர் காக்குமா என்று எங்கும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தம்பிக்கு அது கொஞ்சம் கசந்தது. எனக்கும்தான்.

பரிசீலகரின் மேசையில் பெட்டி வைக்கப்படுவதில்லை. வைக்கப்படுவது காகிதம். அந்தக் காகிதத்தின் கடைசியில் "நான் எனக்கென்று கோருவது இது" என இலக்கமிட்டு எழுதப்படும் வாசகங்கள் உண்டு. கோரிக்கைகள் என்று சொல்வோம். காணி உறுதியில் நான்கு எல்லை எழுதுகிறோமே, அதுபோல. வேலியை அகலமாகப் போட்டால் அயலவன் காணியும் உள்ளே வந்து முழு உறுதியும் வழக்காகும். ஒடுக்கமாகப் போட்டால் உன் காணியே வெளியே போகும். பரிசீலகர் செய்வது அந்த வேலியைச் சுற்றி நடந்து, இதில் எந்தத் துண்டு முன்பே ஊருக்குத் தெரிந்தது என்று பார்ப்பதுதான்.

இலங்கையில் இந்தத் தேடலுக்கு இரண்டு வழி உண்டு. அங்கீகரிக்கப்பட்ட சர்வதேசத் தேடல் நிலையமொன்றின் அறிக்கையை விண்ணப்பதாரர் கொண்டுவரலாம். இல்லையேல், கட்டணம் செலுத்தி உள்ளூர்ப் பரிசீலகரிடம் அனுப்பும்படி கேட்கலாம். அறிக்கை பாதகமாக வந்தால் கோரிக்கையைத் திருத்த இடமுண்டு. ஆனால் முதல் நாள் கொடுத்த காகிதத்தில் இல்லாத எதையும் பின்னர் புகுத்த முடியாது. இதைத் தம்பிக்கு இரண்டு தடவை சொன்னேன். வேலியைப் பின்னர் உள்ளே இழுக்கலாம், வெளியே தள்ள முடியாது.

குறைந்த திறன் கருவிகள்

கம்பியில்லாத் தொடர்பில் இந்தப் பரிசீலனை எப்படி நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, பெரிய கொம்பனிகள் இப்போது சண்டையிடும் ஒரு மைதானத்தைப் பார்ப்போம். அது நம் மழைமானிக்குத் தூரத்துச் சொந்தமும் ஆகும்.

5ஜி என்றால் வேகம் என்று விளம்பரம் சொல்கிறது. மழைமானிக்கும், மின்மானிக்கும், கைக்கடிகாரத்துக்கும் அந்த வேகம் எதற்கு? அவற்றுக்கு வேண்டியது மலிவான சிப், நீண்ட நாள் வரும் பற்றரி. உலகத் தொலைபேசித் தரங்களை வகுக்கும் த்ரீஜிபிபி என்ற கூட்டமைப்பு 2022இல் முடித்த 17ஆவது வெளியீட்டில் இதற்கென்று ஓர் அத்தியாயம் எழுதியது. பெயர் ரெட்கெப், அதாவது திறன் குறைக்கப்பட்ட கருவி. சாதாரண 5ஜி தொலைபேசி கீழ் அலைவரிசைகளில் 100 மெகாஹேர்ட்ஸ் அகலம் வரை கேட்க வேண்டும். ரெட்கெப் கருவி 20 மெகாஹேர்ட்ஸ் கேட்டால் போதும். அன்டனா ஒன்றோ இரண்டோ போதும். ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் தேவையில்லை, மாறி மாறிச் செய்யலாம். நம்மூரில் ஒரு வாகனம் மட்டும் போகும் பாலங்கள் இருக்கின்றனவே, அந்தப் பக்கத்து லொறி வந்து முடிந்த பிறகுதான் இந்தப் பக்கத்து பஸ் போகும். அதே ஏற்பாடு. வேலையில்லாதபோது 10,485 செக்கன் வரை, அதாவது ஏறக்குறைய 2 மணி 55 நிமிடம், கோபுரத்துக்குக் காது கொடுக்காமல் தூங்கவும் அனுமதி உண்டு. இதற்கு முன்னரே, 2016இல் முடிந்த 13ஆவது வெளியீட்டில், 180 கிலோஹேர்ட்ஸ் அகலத்திலேயே பேசும் இன்னும் எளிய முறையொன்றையும் அவர்கள் வகுத்திருந்தார்கள்.

கருவியைக் குறைத்ததும் புதுப் பிரச்சினைகள் முளைத்தன. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கருவி விழித்ததும் முதலில் கோபுரத்தின் கதவைத் தட்டும். கோபுரம் பதில் தரும். மூன்றாவதாகக் கருவி தான் யாரென்று சொல்லும். தட்டியது அகலக் காது உள்ளதா, ஒடுக்கக் காது உள்ளதா என்று கோபுரத்துக்குத் தெரியாவிட்டால், பதிலை ஒடுக்கக் காதுக்குக் கேட்காத இடத்தில் அனுப்பிவிடும். ஆகவே ரெட்கெப் கருவி தட்டும் போதே வேறு விதமாகத் தட்டட்டும், அல்லது மூன்றாவது செய்தியில் அடையாளம் சொல்லட்டும் என்று தரத்தில் இரு வழியும் சேர்க்கப்பட்டன.

இப்போது ஒரு கொம்பனி, "திறன் குறைந்த கருவி, தான் திறன் குறைந்தது என்பதைத் தொடர்பின் ஆரம்பத்திலேயே கோபுரத்துக்கு அறிவிக்கும் முறை" என்று அகலமான கோரிக்கை எழுதிக்கொண்டு வருகிறது என வைத்துக்கொள்வோம். 5ஜியில் அது புதிதுதானே என்று நமக்குப் படும். பரிசீலகர் பழைய கட்டுகளை அவிழ்ப்பார். 4ஜியின் 12ஆவது வெளியீட்டில் பூச்சிய வகை என்றொரு மலிவுக் கருவி இருந்தது, அது மூன்றாவது செய்தியிலேயே தன் வகையைச் சொல்லியது. 13ஆவது வெளியீட்டில், சிக்னல் பலவீனமான கருவிகளுக்குக் கதவைத் தட்டுவதற்கே தனி நேரமும் தனி இடமும் ஒதுக்கப்பட்டன. கோரிக்கையின் இரண்டு காலும் பழைய தரையில்தான் நிற்கின்றன. "5ஜியில்" என்ற சொல்லைச் சேர்த்ததால் மட்டும் அது புதிதாகிவிடாது.

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. பரிசீலகர் மிக நெருங்கிய பழைய ஆவணமொன்றை எடுப்பார். கோரிக்கைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் குறிப்பார். அந்த வித்தியாசத்தால் கிடைத்த தொழில்நுட்பப் பலன் என்ன என்று கேட்பார். பிறகு, அந்தப் பிரச்சினையைத் தந்தால் கைதேர்ந்த ஒரு பொறியியலாளர் இந்த வழிக்குத் தானாக வந்திருப்பாரா என்று பார்ப்பார். நம் கணக்கில் சொன்னால், இருபது வருடம் வயரிங் செய்த பாஸிடம் பிரச்சினையைச் சொல்கிறோம். "அதுக்கென்ன, ரிலே ஒன்று போடு" என்று அவர் உடனே சொன்னால் அது கண்டுபிடிப்பு ஆகாது. அவர் தலையைச் சொறிந்தால் நமக்கு நம்பிக்கை உண்டு. அந்தக் கொம்பனி தன் வேலியை உள்ளே இழுத்து, கருவிகளின் எண்ணிக்கை கூடித் தட்டும் இடம் நெரிசலாகும் போது கோபுரம் எதை எப்படி மாற்றுகிறது என்ற ஒரு குறிப்பிட்ட படிக்குள் நின்றால், உரிமை கிடைக்க வழியிருக்கலாம்.

இந்தத் துறையில் பழைய ஆவணம் என்பது புத்தகமும் சஞ்சிகையும் மட்டுமல்ல. த்ரீஜிபிபி கூட்டங்களுக்குக் கொம்பனிகள் கொடுக்கும் ஆலோசனைக் காகிதங்கள் யாரும் திறந்து பார்க்கக்கூடிய கணினியில் ஏற்றப்படுகின்றன. ஏறிய நாளிலிருந்து அது ஊரறிந்த செய்தி. ஐரோப்பிய அலுவலகம் அவற்றையெல்லாம் சேர்த்து வைத்துத் தேடுகிறது. ஆகவே கொம்பனிகளின் பொறியியலாளர்கள் முதலில் ஆக்கவுரிமை விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுத்தான் கூட்டத்துக்குக் காகிதம் அனுப்புவார்கள். கோடிக்கணக்கில் காசு உள்ளவர்களே வாய் திறப்பதற்கு முன்னர் வாசலைப் பூட்டுகிறார்கள்.

பூட்டாமல் நான் இழந்த கதையொன்று உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில், கொழுந்துக் கூடைப் பட்டி நெற்றியை வெட்டாமல் இருக்க ஒரு கொக்கியும் மடிப்புத் துணியும் சேர்த்து நான் ஒன்று செய்தேன். மாதிரி அடிக்கக் கொழும்பில் ஒரு பட்டறைக்குக் கொடுத்தேன். ஒப்பந்தம் இல்லை, கடிதம் இல்லை, "முதலாளி, பயப்படாதீங்க" என்ற வார்த்தை மட்டும். அடுத்த வருடம் அதே கொக்கி மொத்தக் கடையில் டசின் கணக்கில் தொங்கியது. நானே ஆறு டசின் வாங்கி வந்து விற்றேன், என்ன செய்வது.

தம்பியின் மூன்று கோரிக்கைகள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியை உட்கார வைத்து, உனக்கென்று கோருவதை எழுது என்றேன். முதலாவதாக எழுதினார்: மழையை அளந்து கம்பியில்லாமல் அனுப்பும் கருவி. வெட்டினேன். சாயும் கிண்ண மழைமானி பழையது, சிம் வழியாகத் தரவு அனுப்பும் தானியங்கி மழைமானிகள் நம் மலைகளிலேயே நிற்கின்றன. இரண்டாவது: மழை இல்லாதபோது தூங்கி, முதல் தட்டில் விழித்துக்கொள்ளும் கருவி. அதையும் வெட்டினேன். சுவிட்ச் தட்டினால் சிப் விழிப்பது அந்தச் சிப்பை விற்பவன் தரும் காகிதத்திலேயே இருக்கிறது. பாஸ் தலையைச் சொறிய மாட்டார்.

மனிதருக்கு முகம் கறுத்துவிட்டது. பெட்டியைத் திரும்பச் சாக்கில் சுற்றப் போனார். அப்போதுதான் பேச்சு வாக்கில், "சிக்னல் விழுந்தா மட்டும் அது மிஸ்ட் கோல் அடிக்கும் நானா" என்றார்.

இருங்கள் என்று பெட்டியைத் திரும்ப வாங்கினேன். விடயம் இதுதான். பலவீன சிக்னலில் தரவுத் தொடர்பு எடுக்கக் கருவி திரும்பத் திரும்ப முயலும். ஒவ்வொரு முயற்சியும் பற்றரியைத் தின்னும். மழை நாட்களில் சூரிய மின்தகடும் தராது. ஆகக் கூடிய மழை பெய்யும் இரவில்தான் பெட்டி செத்துப்போகும். தம்பி செய்தது என்னவென்றால், பெட்டியில் மூன்று தொலைபேசி இலக்கங்களை வைத்தார். 75 தாண்டினால் ஓர் இலக்கத்துக்கு, 100 தாண்டினால் இன்னொன்றுக்கு, 150 என்றால் மூன்றாவதுக்கு மிஸ்ட் கோல். எப்போது தரவை விட்டு மிஸ்ட் கோலுக்கு மாறுவது என்பதைப் பெட்டியே முடிவு செய்கிறது. தோற்ற முயற்சிகள் எத்தனை, பற்றரியில் மிச்சம் எவ்வளவு, மழை ஏறும் வேகம் என்ன என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்து. மழை மெதுவாக ஏறினால் அது காத்திருக்கிறது. வேகமாக ஏறினால் இரண்டாவது முயற்சியிலேயே தரவைக் கைவிடுகிறது.

மிஸ்ட் கோலால் செய்தி சொல்வது நமக்குப் புதிதல்ல. "வந்து சேர்ந்ததும் ஒரு மிஸ்ட் கோல் அடி" என்று சொல்லாத வாப்பா யார்? பெங்களூரில் ஸிப்டயல் என்ற கொம்பனி மிஸ்ட் கோலையே வியாபாரமாக்கி, 2015இல் டுவிட்டர் அதை வாங்கியது. ஆகவே மிஸ்ட் கோல் தனியே நின்றால் விழும். எல்லை மழை அளவு தனியே நின்றால் விழும். ஆனால் பற்றரி மிச்சத்தையும் மழையின் வேகத்தையும் தோற்ற முயற்சியையும் சேர்த்து எந்த வழியில் பேசுவது என்று முடிவெடுக்கும் படி? அதில் ஒரு தொழில்நுட்பப் பிரச்சினை இருக்கிறது, அளந்து காட்டக்கூடிய பலனும் இருக்கிறது. பழைய முறையில் பெட்டி எத்தனை மணித்தியாலம் தாங்கியது, இந்த முறையில் எத்தனை என்று தம்பி ஒரு சீஆர் கொப்பியில் திகதியிட்டு எழுதி வைத்திருக்கிறார். பரிசீலகர் என்ன சொல்வாரென்று நான் சொல்ல முடியாது. இரண்டு பழைய ஆவணங்களைச் சேர்த்தால் இது வந்துவிடும் என்று அவர் எழுதலாம். அப்போது அந்தக் கொப்பிதான் பேச வேண்டும்.

"இது வெறும் கணக்குத்தானே, சொப்ட்வெயார்தானே" என்ற ஆட்சேபமும் வரலாம். இந்தியாவில் இதை நெடுங்காலம் இழுத்தார்கள். அங்கே 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரல் என்ற அளவில் மட்டும் நிற்பதற்கும் கணக்கு முறைகளுக்கும் உரிமை இல்லை என்கிறது. ஃபெரித் அல்லானி என்பவர் 2002இல் கொடுத்த விண்ணப்பம் இந்தக் காரணத்தால் நின்றது. 2019 டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றம், நிரல் இருப்பதல்ல, தொழில்நுட்பப் பலன் உண்டா என்பதையே பார்க்க வேண்டும் என்று திருப்பி அனுப்பியது. 2020இல்தான் அவருக்குச் சாதகமாக முடிந்தது. 20 ஆண்டு ஆயுளில் பெரும்பகுதி அதற்குள் கரைந்திருந்தது.

வாங்கி விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை, இறக்குமதி செய்து விற்கிறேன், எனக்கென்ன என்று நினைப்பவர்கள் டில்லிப் பக்கம் பார்க்கலாம். எரிக்ஸன் கொம்பனி 2013இல் மைக்ரோமெக்ஸ் மீதும், பின்னர் இன்டெக்ஸ், லாவா என்பவற்றின் மீதும் வழக்கு வைத்தது. தொலைபேசிகளைச் செய்து தருவது வெளிநாட்டில், சிப் இன்னொரு கொம்பனியுடையது, ஆனால் கேள்வி வந்தது சந்தையில் விற்றவரிடம். 2024 மார்ச் 28ஆம் திகதித் தீர்ப்பில் லாவா 244 கோடி இந்திய ரூபா செலுத்த வேண்டும் என்றது நீதிமன்றம். எரிக்ஸன் முன்வைத்த எட்டு உரிமைகளில் ஏழு நின்றன. ஒன்று, புதுமை இல்லை என்று விழுந்தது. பரிசீலகர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உரிமையும் பின்னர் விழலாம் என்பதற்கு இது கண்முன் சாட்சி. மார்க்கோனியின் வானொலி உரிமையொன்றின் முக்கிய கோரிக்கைகளே 1943இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் விழுந்தவைதான்.

தரத்துக்குள் நுழைந்துவிட்ட உரிமைகளை நியாயமான, பாரபட்சமற்ற விலைக்குக் கொடுப்போம் என்று கொம்பனிகள் முன்கூட்டியே வாக்குக் கொடுக்கின்றன. சண்டை, நியாயமான விலை என்பது எதன் மேல் என்பதில். சிப்பின் விலையிலா, முழுக் கருவியின் விலையிலா? விலை கூடிய தொலைபேசியில் ஒரு வீதம் போனால் தாங்கலாம். சில ஆயிரம் ரூபாவுக்கு விற்க வேண்டிய மின்மானியிலோ மழைமானியிலோ அது இலாபத்தையே தின்றுவிடும். ரெட்கெப் கருவிகள் மலிவாக வர வேண்டும் என்பதே அவற்றின் பிறப்புக் காரணம் என்பதால், இந்தக் கேள்வி அங்கே இன்னும் கூர்மையாகும்.

நமக்கு ஓர் ஆறுதல், ஆக்கவுரிமை நாட்டுக்கு நாடு தனி. டில்லியில் மட்டும் எடுத்த உரிமை வலப்பனையில் செல்லாது. இலங்கை 1982 முதல் சர்வதேச ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் இருப்பதால், வெளிநாட்டவர் ஒரே விண்ணப்பத்தால் இங்கும் இடம்பிடித்து 30 மாதத்துக்குள் கொழும்பில் நுழையலாம். பிடித்தார்களா என்று பார்க்காமல் பெருந்தொகைச் சரக்குக்குக் கடன் பத்திரம் திறப்பது நல்லதல்ல. விற்பவரிடம், உரிமை வழக்கு வந்தால் செலவு உன்னுடையது என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். சிறு வியாபாரிக்கு அது கிடைக்காது என்பீர்கள். கேட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

மிச்சமுள்ள நாட்கள்

தம்பியின் விடயத்தில் எனக்கு நெஞ்சு திக்கென்றது வேறிடத்தில். இதை யாருக்காவது காட்டினாயா என்று கேட்டேன். கண்காட்சியொன்றில் மூன்று நாள் வைத்தாராம், பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் மிஸ்ட் கோல் முறையையும் விளக்கினாராம், அதே வாரம் பேஸ்புக்கில் வீடியோவும் போட்டாராம். நல்ல பிள்ளை, மறைக்கத் தெரியாது.

இலங்கைச் சட்டம் இங்கே கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால், அதற்குப் பின் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால், அந்த வெளியீடு அவருக்கு எதிராக எடுக்கப்படாது. ஐரோப்பாவில் அந்த இரக்கம் இல்லை, அங்கே கதவு மூடிவிட்டது. இந்தியாவிலும் அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சில சந்தர்ப்பங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. விரலை மடித்து எண்ணினோம். கண்காட்சி முடிந்து ஒன்பதரை மாதம். இரண்டரை மாதம் இருக்கிறது.

வேலை செய்யும் இடத்தில், வேலையின் பகுதியாகச் செய்தாயா என்றும் கேட்டேன். அப்படியென்றால் உரிமை முதலாளிக்குப் போகக்கூடும். இல்லை, லயத்துக் குசினியில் இரவில் செய்தது என்றார். அதையும் திகதியோடு எழுதி வைக்கச் சொன்னேன்.

இன்னொரு வழியும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொன்னேன். விண்ணப்பிக்காமலே விட்டுவிடலாம். வீடியோ ஏற்கெனவே ஊரறிந்தது, ஆகவே இனி வேறெவரும் அதே முறையைத் தன்னுடையது என்று பூட்ட முடியாது. எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் பார்த்துச் செய்து சரிவில் நட்டுக்கொள்ளலாம். செலவில்லை, வழக்கில்லை. காசும் இல்லை. ஒரு நிமிடம் யோசித்தார். "செய்றவங்க செய்யட்டும் நானா. ஆனா ஒரு கொம்பனி செஞ்சி வித்தா, அவங்ககிட்ட நான் கேக்க ஏலுமா இருக்கணும்" என்றார். வியாபாரிக்குப் பிடித்த பதில்.

முதல் இரண்டு கோரிக்கைகளையும் எடுத்துவிட்டோம். மூன்றாவதை நான்கு தடவை எழுதினோம். விபரணப் பகுதியில் சாயும் கிண்ணத்தின் அளவு முதல் மூன்று இலக்கங்கள் வரை எல்லாவற்றையும் சேர்த்தோம். மழைக்குப் பதிலாக ஆற்று நீர்மட்டத்துக்கும் இதே முறை பொருந்தும் என்ற ஒரு பந்தியையும் முதல் நாளிலேயே போட்டோம், பின்னர் புகுத்த முடியாது என்பதால். கோரிக்கையின் சொற்களைப் பார்க்கக் கண்டியில் ஒரு சட்டத்தரணியிடம் நேரம் எடுத்திருக்கிறது. புத்தாக்கக்காரர்களுக்கு உதவுவதற்கென்றே 1979இன் சட்டமொன்றால் அமைந்த இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழுவிடமும் உதவி கேட்டு எழுதியிருக்கிறார்.

வீடியோவைப் பேஸ்புக்கிலிருந்து எடுத்துவிடவா என்று கடைசியாகக் கேட்டார். எடுக்காதே என்றேன். ஒரு வருடக் கணக்கு எந்த நாளில் தொடங்கியது என்பதற்கு அந்தத் திகதிதான் அத்தாட்சி. பெட்டியை என் கடை அலுமாரியில் வைத்துவிட்டு, கொப்பியை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு இராகலை பஸ்ஸுக்கு ஓடினார்.